சனிக்கிழமையே காலி செய்த பெட்டி

2025 பிப்ரவரி 16, ஞாயிற்றுக்கிழமை. காலை 5.30க்கு எழுந்தேன். பல் துலக்கி, ரத்த அழுத்த மாத்திரை ஒன்றும் வைட்டமின் மாத்திரை ஒன்றும் விழுங்கினேன். காபி போட்டுக்கொண்டிருக்கும்போதே சமையலறை ஜன்னலுக்கு வெளியே தொங்கும் வெப்பமானியைப் பார்த்தேன். 30 டிகிரி ஃபாரன்ஹீட், உறைநிலைக்கும் கீழே. இரவெல்லாம் பெய்த மழை விழுந்த இடத்திலேயே உறைந்திருந்தது. டிரைவ்வேயில் நின்ற இரண்டு கார்களும் கண்ணாடி உறை போட்டவை மாதிரி இருந்தன. 6.10க்கு வாளியோடு வெளியே போய்ப் படிகளுக்கும் நடைபாதைக்கும் உப்பு தூவினேன். 6.40க்குச் சட்டைக்கு இஸ்திரி போட்டேன். 7 மணிக்கு மூன்று இட்லி, முந்தின நாள் சாம்பார்.

மனைவி கம்பளியைப் போர்த்திக்கொண்டு வந்து எதிரே உட்கார்ந்தாள். அவள் போகும் தமிழ் ஃபெலோஷிப் எடிசனில் நடக்கிறது. நான் போகும் கோயிலுக்கு அவள் ஈஸ்டருக்கும் கிறிஸ்துமஸுக்கும் மட்டும் வருவாள்.

"இந்த ஐஸ்ல யாரு வரப்போறா? எங்க ஃபெலோஷிப்பையே ஜூம்ல வச்சுட்டாங்க."

"ஒருத்தர் வந்தாலும் கதவு திறந்திருக்கணும்ல."

"வர்றது பதினஞ்சு பேரு. அதுக்கு உங்க செக்லிஸ்ட்டு இருபத்திரெண்டு ஐட்டம். ஆளுக்கு ஒண்ணரை ஐட்டம் வருது."

செக்லிஸ்ட்டைப் பற்றி அவள் சொன்னது சரிதான். கோயில் வேலைகளுக்காக அதை எழுதியவன் நான்.

எங்கள் கோயில் நியூ ஜெர்சியில் ஒரு சின்ன ஊரில், ரயில் தண்டவாளத்துக்கு இரண்டு தெரு தள்ளி இருக்கிறது. எபிஸ்கோபல் சபை. ஊரில் நான் வளர்ந்த சபையும் இதுவும் ஒரே ஆங்கிலிக்கன் குடும்பம் என்பதால், ஆராதனைப் புத்தகத்தைத் திறந்த முதல் நாளே எனக்கு எந்த இடத்தில் எழுந்திருக்க வேண்டும், எந்த இடத்தில் முழங்கால் போட வேண்டும் என்று தெரிந்திருந்தது. நூற்றைம்பது பேர் உட்காரலாம். வருகிறவர்கள் பதினைந்திலிருந்து இருபது பேர். எங்களுக்கென்று ஒரு குருவானவரை வைத்துக்கொள்ள முடியாமல் போய் இரண்டு வருடத்துக்கு மேல் ஆகிறது. ஓய்வு பெற்ற ஒரு பெண் குருவானவர் வடமேற்கே மலைப்பக்கத்திலிருந்து ஒன்றே கால் மணி நேரம் கார் ஓட்டிக்கொண்டு மாதத்தில் முதல் ஞாயிறும் மூன்றாம் ஞாயிறும் வருவார். அந்த இரண்டு நாளும் நற்கருணை. மற்ற ஞாயிறுகளில் நாங்களே புத்தகத்தைப் பார்த்துக் காலை ஜெபம் வாசித்துவிட்டு, காபி குடித்துவிட்டுப் போவோம்.

பீடத்துத் துணிகள், பாத்திரங்கள், மெழுகுவத்தி, அப்பம், திராட்சரசம் எல்லாவற்றையும் கவனித்துக்கொள்ளும் குழுவுக்கு ஆல்டர் கில்டு என்று பெயர். ஒரு காலத்தில் அதில் பன்னிரண்டு பெண்கள் இருந்தார்களாம். நான் சேர்ந்தபோது ஒரே ஒரு மூதாட்டி இருந்தார். அவர் புளோரிடாவுக்கு மகன் வீட்டுக்குப் போன பிறகு, கில்டு என்றால் நான்தான். அதோடு, கோயிலுக்கு வர முடியாதவர்களின் வீட்டுக்கு நற்கருணை எடுத்துப்போகும் அனுமதியும் பிஷப்பிடமிருந்து எனக்கு உண்டு. நான் கொடுக்க மட்டும்தான் முடியும். அப்பத்தைப் பிரதிஷ்டை செய்வது குருவானவரால் மட்டுமே ஆகும். அதற்காக, அவர் வருகிற ஞாயிறுகளில் பிரதிஷ்டையான அப்பத்தில் ஆறை எடுத்து, பீடத்துக்கு இடப்பக்கச் சுவரில் பதித்திருக்கும் சிறிய பெட்டியில் வைத்துப் பூட்டுவோம். நோயாளிகள் யாராவது கேட்டால் அதிலிருந்துதான் எடுத்துப்போக வேண்டும். மீந்து பழையதானால் குப்பையில் போடக் கூடாது. சாப்பிட்டுவிட வேண்டும். இல்லையென்றால் யார் காலும் படாத மண்ணில் புதைக்க வேண்டும்.

அந்த மூதாட்டி எனக்குப் பழக்கிக் கொடுத்த முறை இது: ஞாயிறு ஆராதனை முடிந்து, புது அப்பம் கைக்கு வந்த பிறகு, பெட்டியில் இருக்கும் பழையதை எடுத்துச் சாப்பிட்டுவிட்டுப் புதியதை வைப்பது. எனக்கு அது பிடிக்கவில்லை. ஆராதனை முடிந்த கையோடு காபி பாத்திரத்தை வேறு நான் பார்க்க வேண்டியிருந்தது. அவசரத்தில் பழையதும் புதியதும் ஒரே தட்டில் கலந்துபோய், எது எது என்று தெரியாமல் நின்றிருக்கிறேன். நான் வேலை செய்வது மருந்துக் கம்பெனியில், தரப் பிரிவில். இருபத்தோரு வருடம். எங்கள் வேலையின் முதல் பாடம், பழைய லாட், அதாவது ஒரு தொகுதி மருந்து, முழுக்க வெளியே போய், மேசை வெறுமையாக இருக்கிறது என்று ஒருவர் கையெழுத்துப் போட்ட பிறகுதான் புது லாட் உள்ளே வரலாம் என்பது. அதையே இங்கும் கொண்டுவந்தேன். குருவானவர் வருகிற ஞாயிற்றுக்கு முந்தின சனிக்கிழமையே பெட்டியைக் காலி செய்து, உள்ளே துடைத்து, வெள்ளைத் துணி மாற்றி வைப்பது. செக்லிஸ்ட்டில் அது ஒன்பதாவது ஐட்டம். ஒன்றரை வருடம் எந்தப் பிரச்சினையும் வரவில்லை.

பதினைந்தாம் தேதி சனிக்கிழமை மாலை 4.15க்கும் அப்படித்தான் செய்தேன். பெட்டியில் ஆறு அப்பங்கள், பிப்ரவரி 2 தேதியிட்ட சீட்டோடு இருந்தன. பீடத்துக்குப் பின்னால் இருக்கும் சின்ன அறையில் நின்றபடி ஒவ்வொன்றாகச் சாப்பிட்டேன். தண்ணீர் குடித்தேன். ஒன்பதாவது ஐட்டத்துக்கு எதிரே என் முதலெழுத்தைப் போட்டேன்.

ஞாயிறு காலை 8.20க்கு, வீட்டை விட்டுக் கிளம்பும்போது குருவானவர் கூப்பிட்டார். அவர் வீட்டுத் தெருவில் ஒரு மரம் மின்கம்பியோடு சாய்ந்து கிடக்கிறது, போலீஸ் தெருவின் இரண்டு முனையையும் மூடிவிட்டது, வர முடியாது, மன்னிக்க வேண்டும் என்றார். பரவாயில்லை, காலை ஜெபம் வாசித்துக்கொள்கிறோம் என்றேன். அந்த நிமிடத்தில் எனக்குப் பெட்டி ஞாபகம் வரவில்லை. இதை எழுதும்போது அதை ஒளிக்கக் கூடாது.

பன்னிரண்டு நிமிடத்தில் போகிற கோயிலுக்கு நாற்பது நிமிடம் ஆயிற்று. வார்டன் எனக்கு முன்பே வந்து படியில் உப்பு போட்டுக்கொண்டிருந்தார். ஓய்வு பெற்ற பள்ளிப் பேருந்து ஓட்டுநர். எழுபத்திநான்கு வயது. குருவானவர் இல்லாத சபையில் சாவி முதல் கூரை ஒழுகல் வரை அவர் பொறுப்பு. நான் செய்தியைச் சொன்னதும், "முப்பத்தெட்டு வருஷம் பிள்ளைகளை ஏற்றிப் போயிருக்கிறேன். இந்த ரோட்டில் ஆண்டவரே கை காட்டினாலும் வண்டி எடுக்க மாட்டேன்," என்றார். கோயிலுக்கு எதிர் வீட்டுத் தம்பதி இருவர் ஒருவரையொருவர் பிடித்துக்கொண்டு தெருவைக் கடந்து வந்தார்கள். ஆக நான்கு பேர். 9.30க்குத் தொடங்கினோம். ஆர்கன் வாசிக்க ஆள் இல்லாததால் பாடல்களை வாய்விட்டுப் படித்தோம். நோயுற்றோருக்கான ஜெபத்தில், கோயிலுக்கு வர முடியாத மூன்று பேரின் பெயரை நான் வாசித்தேன். மூன்றாவது, ஆன்ட்டியின் பெயர்.

ஆன்ட்டிக்கு எழுபத்தொன்பது வயது. பாளையங்கோட்டைக்காரர். நர்ஸாக இந்த நாட்டுக்கு வந்து, இங்கே பக்கத்து ஆஸ்பத்திரியில் முப்பது வருடத்துக்கு மேல் வேலை பார்த்தவர். இந்தக் கோயிலுக்குள் காலெடுத்து வைத்த முதல் தமிழ் ஆள் அவர்தான். ஐசலின் என்ற ஊரில் இந்தியக் கடையில் முருங்கைக்காய் பொறுக்கிக்கொண்டிருந்த என்னிடம், "எந்தூரு தம்பி நீ? எந்தச் சபை?" என்று கேட்டு, அடுத்த ஞாயிறே கூட்டிக்கொண்டு வந்தவரும் அவர்தான். நான் பீடத்துத் துணியைத் துவைத்து இஸ்திரி போடுவதைப் பார்த்து, ஊரில் மணியடித்து, கோயிலைப் பெருக்குகிறவரைச் சொல்வதுபோல என்னைக் கோயில்குட்டி என்று கூப்பிட ஆரம்பித்தார். எங்கள் பக்கத்தில் குருவானவரை ஐயர் என்பார்கள்; இந்தக் குருவானவருக்கு ஆன்ட்டி வைத்த பெயர் ஐயரம்மா. "நம்மூர்ல ஐயரோட பொஞ்சாதிதான் ஐயரம்மா. இங்க இவளே ஐயரு, இவளே ஐயரம்மா. சம்பளம் ஒண்ணுதான், பாவம்," என்பார்.

முந்தின ஆகஸ்டில் கணையத்தில் கட்டி என்று தெரிந்தது. ஜனவரியில் சிகிச்சையை நிறுத்திவிட்டு, பிளெய்ன்ஸ்பரோவில் மகளின் அபார்ட்மென்ட்டிலேயே கட்டில் போட்டு வைத்துப் பார்த்துக்கொண்டார்கள். கடைசிக் கால நோயாளிகளைப் பார்த்துக்கொள்ளும் ஹாஸ்பைஸ் நர்ஸ் தினமும் வந்து போனார். கடைசியாக நான் நற்கருணை கொண்டுபோனது பிப்ரவரி இரண்டு, அன்றைய ஆராதனையில் பீடத்திலிருந்தே எடுத்து. போகும்போதெல்லாம் சின்ன வெள்ளி டப்பாவைத் திறந்து, "இது இன்ன தேதி வச்சது, ஆன்ட்டி," என்று சொல்லிவிட்டுத்தான் கையில் வைப்பேன். அது என் வழக்கம். அவரும் நர்ஸாக இருந்தவர். தேதி கேட்காமல் எதையும் வாயில் போட மாட்டேன் என்று சிரிப்பார். வலது உள்ளங்கையை இடது உள்ளங்கை மேல் வைத்துக் கிண்ணம்போல நீட்டுவார்.

10.25க்கு, காபி போடும்போது, ஆன்ட்டியின் மகள் கூப்பிட்டார். அவர் இங்கேயே பிறந்து வளர்ந்தவர். நாற்பத்தாறு வயது. கோயிலுக்கு வருகிற பழக்கம் இல்லை.

"அம்மா கேக்கறாங்க. கம்யூனியன் இன்னைக்கே வேணுமாம். நேத்து ஃபுல்லா கண்ணே திறக்கல. இப்ப கிளியரா பேசறாங்க. நர்ஸ் சொன்னாங்க, இந்த மாதிரி கிளியரா இருக்கறது லாங் டைம் இருக்காதுன்னு. ரோடு மோசம்னு தெரியும். ஆனா வர முடியுமா, ப்ளீஸ்?"

வருகிறேன் என்றேன். போனை வைத்துவிட்டு நேராகப் பீடத்துப் பக்கம் போய்ப் பெட்டியைத் திறந்தேன். துவைத்த வெள்ளைத் துணி, நான்கு மூலையும் சரியாக மடித்தபடி, அதன்மேல் ஒன்றுமில்லாமல் இருந்தது.

எவ்வளவு நேரம் நின்றேன் என்று குறித்துக்கொள்ளவில்லை. வார்டன் காபிக் கோப்பையோடு வந்தார். விஷயத்தைச் சொன்னேன். அவரும் ஒருமுறை பெட்டியைத் திறந்து பார்த்தார், ஃபிரிட்ஜில் பால் இல்லை என்று சொன்ன பிறகும் திறந்து பார்க்கிறவர்கள் மாதிரி.

"நேற்று எத்தனை இருந்தது?"

"ஆறு."

"எங்கே?"

"சாப்பிட்டுவிட்டேன்."

அவர் என் முகத்தைப் பார்க்காமல், பெட்டியின் சின்னக் கதவை மெதுவாகச் சாத்தினார்.

10.40லிருந்து 11.30 வரை போன் செய்தேன். பக்கத்து ஊர்களில் எங்கள் சபைக் கோயில்கள் மூன்று. எங்கே போனாலும் அவர்கள் பெட்டியில் அப்பம் இருக்கும். முதல் கோயில், பனியால் இன்று ஆராதனை இல்லை என்ற பதிவுக் குரல். இரண்டாவதும் அப்படியே. ஓடிப்போய்க் கதவைத் தட்டினாலும் திறக்க ஆள் இருக்காது. மூன்றாவது கோயிலின் குருவானவர் எடுத்தார். காய்ச்சலில் படுத்திருந்தார், குரலே இல்லை. தன் வார்டனின் எண்ணைக் கொடுத்தார். அதில் யாரும் எடுக்கவில்லை. இரண்டு தடவை செய்தி விட்டேன். ஆஸ்பத்திரியிலேயே இருக்கும் குருவானவரான சாப்ளினுக்குக் கூப்பிட்டேன். உள்நோயாளிகளை விட்டு வெளியே வர அவருக்கு அனுமதி இல்லை. கடைசியாக மறுபடியும் எங்கள் குருவானவர். மின்சார ஆட்கள் கம்பியை எடுக்க நாளைக் காலை ஏழு ஆகும் என்கிறார்கள், எடுத்த உடனே கிளம்பி ஒன்பது மணிக்கு அங்கே இருப்பேன் என்றார். பெட்டியைப் பற்றிச் சொன்னேன். ஒன்றுமே இல்லையா என்று ஒரு தடவை கேட்டார். பிறகு, "நீ போ. வெறுங்கையோடு போனாலும் போ. அங்கிருந்து என்னைக் கூப்பிடு," என்றார்.

கிளம்பும்போது மகள் மறுபடி கூப்பிட்டார். நான் நிலைமையைச் சொன்னேன். அவருக்கு முதலில் புரியவில்லை.

"வெயிட். அங்க சர்ச்ல அந்த வேஃபர் பாக்ஸே இருக்கும்ல? அம்மா சொல்லுவாங்க, நீங்க ஆர்டர் பண்ணுவீங்கன்னு."

"இருக்கு. ஐந்நூறு இருக்கு. ஆனா அது இன்னும் பிரதிஷ்டை ஆகாதது. வெறும் மாவு."

"பாக்க சேம்தானே?"

"பாக்க ஒண்ணுதான்."

"அப்ப ஒண்ணு எடுத்துட்டு வாங்க. அம்மாக்குத் தெரியவே தெரியாது. நான் காட்கிட்ட பேசிக்கறேன்."

அலமாரியைத் திறந்தேன். பொட்டலத்திலிருந்து ஒன்றை எடுத்து வெள்ளி டப்பாவில் வைத்து மூடி, கோட்டின் உள்பையில் போட்டுக்கொண்டேன். கொடுப்பேன் என்று முடிவு செய்யவில்லை. கொடுக்க மாட்டேன் என்றும் முடிவு செய்யவில்லை. அப்போது என்னிடம் இருந்தது அந்த ஒன்றுதான்.

11.42க்குக் கிளம்பி 1.05க்குப் போய்ச் சேர்ந்தேன். வழியில் மூன்று கார்கள் பள்ளத்தில் கிடந்தன. ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, மணிக்கு இருபது மைலில் போனேன். வேகமாகப் போவதால் ஆகப்போவது ஒன்றுமில்லை என்று தெரிந்தும், மெதுவாகப் போவது பொறுக்கவில்லை.

ஆன்ட்டியின் கட்டில் வரவேற்பறையில், ஜன்னல் ஓரம் இருந்தது. இரண்டு வாரத்தில் பாதியாகியிருந்தார். ஆனால் தலை வாரி, நெற்றியில் முடி விழாமல் மகள் கிளிப் போட்டுவிட்டிருந்தார். பக்கத்தில் ஒரு ஸ்டூலில் வெள்ளைத் துணி விரித்து, மெழுகுவத்தி ஒன்று ஏற்றி வைத்திருந்தார்கள். ஆன்ட்டி சொல்லித்தான் செய்திருக்க வேண்டும். மகளுக்கு இது தெரியாது.

"அம்மா, வந்துட்டாரு பாருங்க. கொண்டுவந்திருக்காரு," என்றார் மகள், என்னை ஒரு பார்வை பார்த்தபடி.

ஆன்ட்டி கண்ணைத் திறந்தார். "வந்துட்டியா கோயில்குட்டி. இந்த ஐஸ்லயா வந்த? ஒம்பொண்டாட்டி ஏசலியா?"

"ஏசினா ஆன்ட்டி."

"ஏசட்டும். நல்ல புள்ள."

இரண்டு கையையும் போர்வைக்கு வெளியே எடுத்தார். அதற்கே மூச்சு வாங்கியது. வலது கையை இடது கை மேல் வைத்து நீட்டினார். நான் டப்பாவைக் கையில் எடுத்துவிட்டேன். மூடியில் கட்டைவிரல் இருந்தது.

"எத்தன தேதிக்கு வச்சது?" என்று கேட்டார். எப்போதும்போல, கொஞ்சம் சிரிப்போடு.

பிப்ரவரி இரண்டு என்று சொல்லியிருக்கலாம். பதினாறு என்று சொல்லியிருக்கலாம். இருபத்தோரு வருடம் தேதி மாற்றிக் கையெழுத்துப் போடாத கையும் வாயும் அந்த இடத்தில் வேறு எதையும் செய்யத் தெரியாமல் நின்றன.

"தேதி இல்ல ஆன்ட்டி. ஐயரம்மா இன்னைக்கு வர முடியல. மரம் விழுந்திருக்கு. இது சும்மா பொட்டலத்துல இருந்து எடுத்தது."

"பெட்டில இருக்குமே?"

"நேத்தே காலி பண்ணிட்டேன். இன்னைக்குப் புதுசு வரும்னு."

"காலி பண்ணி?"

"சாப்பிட்டுட்டேன்."

"எத்தன?"

"ஆறு."

"ஆறையும்?"

"ஆறையும்."

நீட்டிய கை அப்படியே இருந்தது. என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"வயிறு நெறஞ்சுதா?" என்றார்.

மகள் முகத்தைத் திருப்பிக்கொண்டார். ஆன்ட்டி கேட்டதில் கோபம் இருந்ததா, கேலி மட்டும்தானா என்று அப்போதும் தெரியவில்லை, இப்போதும் தெரியவில்லை. மெல்ல கையை இறக்கிப் போர்வை மேல் வைத்தார். "சவத்த விடு, போனா போவுது. நீ எப்பவும் ரொம்பச் சுத்தம் பாப்ப," என்றார்.

குருவானவரைக் கூப்பிட்டு, ஸ்பீக்கரில் போட்டுத் தலையணை பக்கம் வைத்தேன். அவர் ஆங்கிலத்தில் பேசினார். பெயர் சொல்லி அழைத்தார். வாங்க ஆசைப்பட்டும் வாங்க முடியாத நிலையில் இருக்கிறவருக்கு, வாயில் வாங்காவிட்டாலும், வாங்கியதன் பலன் முழுதும் உண்டு என்று திருச்சபை நம்புகிறது என்றார். மகள் குறுக்கிட்டு, "நீங்க போன்லயே அந்த பிரேயர் சொல்லுங்களேன். அவர்கிட்ட இருக்கற வேஃபருக்கு. வீடியோ வேணும்னா ஆன் பண்றேன்," என்று ஆங்கிலத்தில் கேட்டார். குருவானவர், அது தன்னால் முடியாது என்றார். ஏன் முடியாது என்று மகள் கேட்டார். கை வைத்துச் செய்ய வேண்டியது அது, தூரத்திலிருந்து செய்ய எனக்கு அனுமதி இல்லை, என்னை மன்னியுங்கள், என்றார். காலையில் ஒன்பது மணிக்கு வருகிறேன் என்று இரண்டு தடவை சொன்னார். பிறகு ஆசீர்வாதம் சொன்னார்.

ஆன்ட்டி போனைப் பார்த்து, "தேங்க் யூ, மதர்," என்றார், ஆஸ்பத்திரியில் டாக்டரிடம் பேசுகிற ஆங்கிலத்தில். போனை அணைத்ததும் தமிழில், "நல்ல பொம்பள. எல்லாம் நல்லாத்தான் சொல்லுதா. ஆனா கை வெறுங்கையாத்தானே இருக்கு," என்றார்.

"நாளைக்கு ஒம்பது மணிக்கு வந்துருவாங்க ஆன்ட்டி."

"நாளைக்கா? வரச் சொல்லு. நான் எங்க போகப்போறேன்."

சங்கீதம் வாசிக்கட்டுமா என்று கேட்டேன். தலையசைத்தார். அன்றைய ஞாயிற்றுக்கு உரியது முதலாம் சங்கீதம். கைபேசியில் தமிழ் வேதாகமத்தை எடுத்து வாசித்தேன். ஆறே வசனம். நான்காம் வசனத்தில் கண் மூடிவிட்டது. மீதி இரண்டையும் வாசித்து முடித்தேன். மகள் மெழுகுவத்தியை ஊதி அணைத்தார்.

சமையலறையில் அவர் எனக்குத் தேநீர் போட்டுக் கொடுத்தார். கோப்பையை மேசையில் வைத்த சத்தம் பெரிதாக இருந்தது.

"அம்மா த்ரீ டேஸா தண்ணி கூடக் கேக்கல. கேட்டது இது ஒண்ணுதான். நீங்க சும்மா ஒரு தேதி சொல்லியிருந்தா போதும்."

"தெரியும்."

"தெரிஞ்சும் சொல்லலையா? உங்க ரூலுக்காகவா?"

"ரூலுக்காக இல்ல. அவங்க கேட்டாங்க. பொய் வரல."

"அம்மாவும் பேஷன்ட்ஸ்கிட்ட பொய் சொல்லிருக்காங்க. நிறைய. எல்லாம் நல்லா ஆயிடும்னு." சிங்க்கின் பக்கம் திரும்பி நின்றார். "அவங்க ஹாப்பியா தூங்கியிருப்பாங்க. அவ்ளோதான் வேணும் எனக்கு."

பெட்டியைச் சனிக்கிழமையே காலி செய்தது தப்பு என்று ஒத்துக்கொண்டேன். அதை அவர் காதில் வாங்கினாரா தெரியாது. அவருக்கு அந்தத் தப்பு முக்கியமே இல்லை. வெறும் அப்பம் டப்பாவில் இருக்கும்போது நான் வாயைத் திறந்ததுதான் தப்பு. எனக்கோ தேதி இல்லை என்ற அந்தச் சொல் ஒன்றுதான் அந்த அறையில் பொய்யாகாமல் மிஞ்சியிருந்தது. இரண்டு பேரும் ஒரே கட்டிலைப் பார்த்துக்கொண்டு, இரண்டு வேறு விஷயத்துக்காகத் தவித்துக்கொண்டிருந்தோம். தேநீர் ஆறிப்போயிற்று. குடித்தேன்.

3.30 வரை இருந்தேன். ஆன்ட்டி ஒருமுறை கண் விழித்து, "ஐயரம்மா வந்தாச்சா?" என்று கேட்டார். இன்னும் இல்லை என்று மகள் சொன்னார். "காபி போட்டு வையி. தூரத்துல இருந்து வாறா," என்றார். பிறகு பேசவில்லை. கிளம்பும்போது காலருகே நின்று சின்னதாக ஜெபித்தேன். என்ன சொன்னேன் என்பது நினைவில்லை. மகள் கதவு வரை வந்து, "பார்த்து டிரைவ் பண்ணுங்க," என்று மட்டும் சொன்னார்.

திரும்பும்போது ரோட்டில் ஐஸ் கொஞ்சம் இளகியிருந்தது. அந்த மூன்றாவது கோயிலின் வார்டன் 4.05க்குக் கூப்பிட்டார். சர்ச்சில் இல்லை, பேரப்பிள்ளையின் பிறந்தநாளுக்குப் பென்சில்வேனியா வந்திருக்கிறேன், சாவி என்னிடம்தான் இருக்கிறது, இரவு வர முடியுமா என்று பார்க்கிறேன் என்றார். மிகவும் நல்ல மனிதர். நாளைக் காலை எங்கள் குருவானவர் வருகிறார், நீங்கள் இந்த ரோட்டில் வர வேண்டாம் என்று சொன்னேன். இதையும் நானாகவே முடிவு செய்து சொன்னேன். இந்த வாக்கியத்தை டைரியில் எழுதிவிட்டு அன்று கொஞ்ச நேரம் பேனாவை வைத்துவிட்டேன்.

வீட்டுக்கு வந்து டப்பாவைத் திறந்தேன். அந்த அப்பத்தை மறுபடி பொட்டலத்தில் சேர்க்க முடியாது. வெளியே எடுத்ததைத் திரும்ப வைப்பது எங்கள் தொழிலில் இல்லை. வெறும் மாவுதான், குப்பையில் போடலாம். போட முடியவில்லை. மனைவி என்ன என்று கேட்டாள். சொன்னேன். அவள் கேலி செய்யவில்லை. ஆன்ட்டி நீட்டிய கையைப் பற்றி மட்டும் இரண்டு தடவை கேட்டாள். "கொஞ்ச நேரம் நீட்டிட்டே இருந்தாங்களா?" என்றாள். ஆமாம் என்றேன். "அப்புறம் அவங்களே எடுத்துட்டாங்களா?" ஆமாம் என்றேன். அவள் எழுந்துபோய்ச் சோற்றை அடுப்பில் வைத்தாள்.

7.15க்குச் சாப்பிட்டோம். 8 மணிக்குக் கணினியில் செக்லிஸ்ட்டைத் திறந்து, ஒன்பதாவது ஐட்டத்தை அழித்து, இருபதாவதாக, ஞாயிறு ஆராதனைக்குப் பின், புது அப்பம் கையில் வந்த பிறகு, என்று எழுதினேன். இதனால் யாருக்கும் இன்று ஒன்றும் ஆகப்போவதில்லை என்று தெரியும். திருத்தத் தேதி போட்டுச் சேமித்தேன். மறுநாள் அரசு விடுமுறை, ஆபீஸ் இல்லை. ஒன்பது மணிக்குப் பிளெய்ன்ஸ்பரோவில் இருக்க வேண்டும் என்பதால் அலாரத்தை வைத்துவிட்டு 9.30க்குப் படுத்தேன்.

திங்கட்கிழமை 5.30க்கு அலாரம் அடித்தது. கைபேசியில் மகளின் செய்தி இருந்தது, 4.12க்கு அனுப்பியது. அம்மா 3.50க்குப் போய்விட்டார்கள், தூக்கத்திலேயே, என்று ஆங்கிலத்தில் ஒரே வரி.

கட்டிலில் உட்கார்ந்தபடியே, முதலில் குருவானவரைக் கூப்பிட்டேன். முதல் மணியடித்ததுமே எடுத்தார். தெரு இன்னும் திறக்கவில்லை, ஆனால் உடுத்தித் தயாராக இருக்கிறேன், ஒன்பதுக்குக் கட்டாயம் வந்துவிடுவேன் என்று நான் பேசுமுன்பே சொன்னார். நான் விஷயத்தைச் சொன்னேன். அவர் ஆன்ட்டியின் பெயரை ஒருமுறை சொன்னார். பிறகு, இறந்தவர்களுக்கான ஜெபத்தை வீட்டில் சொல்ல மகள் சம்மதிப்பாரா, எத்தனை மணிக்கு வரட்டும் என்று கேட்டார்.

தெரு திறந்ததும், எப்போது முடிகிறதோ அப்போது வாருங்கள் என்றேன்.